அவ பல்லே போதும்

நாக்கு அங்கேயே போயிற்று. அந்தப் பக்கம் நாக்கைக் கொண்டு போகாதீங்கம்மா, பஞ்சைக் கடிச்சிக்கிட்டு அப்படியே சாஞ்சிருங்க என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். நாக்கு என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார? ஆவுடையம்மாளின் நாக்குக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில்தான் குடித்தனம். இடது பக்கம், கீழ்வரிசை, கடைவாயை ஒட்டிய பெரிய பல். அதன் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்துப்போய், அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் ஓடியது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, நாக்குக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது, குக்கர் சத்தத்துக்குக் காத்து நிற்கும்போது, கோயிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட நாக்கு நைசாகப் போய் அந்தச் சில்லைத் தடவிவிட்டு வரும். இருக்கியா? இருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. இன்றைக்குப் போனால் பஞ்சு. பஞ்சுக்கு அடியில் பள்ளம். வாயெல்லாம் உப்பும் இரும்பும் கலந்த ருசி. ஊசி போட்ட பக்கம் கன்னம் தலையணை மாதிரி வீங்கிக் கிடப்பதாகத் தோன்றியது, தொட்டுப் பார்த்தால் வீக்கமே இல்லை. யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருந்தது. இந்த மரப்பு புதுசு இல்லை. அன்றைக்கும் முதலில் வலிக்கவில்லை, கன்னம் காணாமல்தான் போயிற்று. வலி பிறகு, நிதானமாக, அத்தை கோயிலிலிருந்து திரும்பி வருகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது. சே, அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும்? மேலே விளக்கு, பக்கத்தில் தண்ணீர் கொப்பளிக்கிற தொட்டி, சுவரில் சிரிக்கிற குழந்தை படம். எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் மாதிரி சாய்ந்து கிடந்தால் போதும், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வாள்.

டாக்டர் பெர்லின் சின்னப் பெண்தான், ஆவுடையம்மாளின் மகளைவிட வயது குறைவாக இருக்கும். ஆனால் கையில் நல்ல பலம், பேச்சில் நல்ல பொறுமை. பாளையங்கோட்டையில் இந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் முதன்முதலாக வந்தபோது, படத்தை வெளிச்சத்தில் காட்டி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். கடலைமிட்டாய் கடித்ததில் அந்தப் பழைய விரிசல் வேர் வரைக்கும் பிளந்துவிட்டது, பல்லை எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் அந்த இடத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழி விழுந்துவிடும், பிறகு புதுப் பல் ஊன்ற முடியாது. அதனால் எடுத்த கையோடு பள்ளத்தை எலும்புத் தூளால் நிரப்பித் தைத்துவிட வேண்டும், அந்தத் தூளைப் பிடித்துக்கொண்டு சொந்த எலும்பு வளர்ந்து மூடிவிடும். தூள் பாக்கெட்டில் வருகிறது. "எந்த எலும்புலருந்து எடுக்கிறது?" என்று கேட்டது ஆவுடையம்மாள் இல்லை, அவள் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம். "பெரும்பாலும் மாட்டெலும்பு சார், ரொம்பச் சுத்தம் பண்ணினது" என்று சொல்லி முடிப்பதற்குள் மனிதர் நாற்காலியிலிருந்து அரையடி எழும்பிவிட்டார். "அய்யய்யோ, அதெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாது டாக்டர். நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம்." டாக்டர் சிரிக்கவில்லை. "அப்போ இன்னொரு வழி இருக்கு. எடுக்கிற பல்லையே சுத்தம் பண்ணி, அரைச்சு, மருந்துல ஊறவச்சு, அதையே உள்ள வைக்கலாம். பல்லும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். அவங்க உடம்பு, அவங்க பொருள், உடம்பு தள்ளாது. இந்தப் பல்லுல சொத்தை இல்ல, அடைப்பு இல்ல. நல்ல பல்லு." அவர் ஆசுவாசமாக உட்கார்ந்தார். "அப்புறம் என்ன? அவ பல்லே போதும்." தன் பெண்டாட்டியின் பல் சைவமா அசைவமா என்று தீர்ப்புச் சொல்லிவிட்ட நிம்மதி அந்த முகத்தில். ஆவுடையம்மாள் அப்போதும் இதே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவளிடம் யார் அபிப்பிராயம் கேட்பார்கள்? கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மாட்டெலும்பு அவளுக்கும்தான் குமட்டியது. ஆனால் இந்தப் பல்லா? இதையா அரைத்து மறுபடி எனக்குள்ளேயே வைப்பது? வெட்டிய நகத்தை வீட்டுக்குள் போடக்கூடாது, சீப்பில் வந்த முடியைச் சுருட்டி வெளியே எறி, உடம்பை விட்டுப் போனது போனதுதான், திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஆட்கள். அதற்குக்கூட அவர் அன்றைக்கே சமாதானம் கண்டுபிடித்துவிட்டார், வெளியே போகாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புவதால் தீட்டு இல்லையாம். அடேயப்பா, என்ன சட்டம்.

பிடுங்கியதும் காட்டினாள் டாக்டர். ஆவுடையம்மாளே கையால் ஜாடை செய்துதான் கேட்டாள். எவர்சில்வர் தட்டில், ரத்தம் துடைத்து, இரண்டு காலோடு நின்றது. இவ்வளவு பெரிசா? வாய்க்குள் இருக்கும்போது நாக்குக்கு ஒரு சில்லும் ஒரு கோடும்தான், வெளியே வந்தால் நெல்லிக்காய்க் கொட்டை அளவுக்கு ஒரு ஆள். பழுப்பு நிறத்தில் அந்தக் கோடு, மேலிருந்து கீழ்வரைக்கும், காய்ந்த வயலில் விழுகிற வெடிப்பு மாதிரி. ஏ யம்மா, இதையா இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று இருந்தது. கண் நிறைந்துவிட்டது. டாக்டர் வலியென்று நினைத்துத் தோளைத் தொட்டாள். வலி இல்லை. இந்த வீட்டில், இந்த ஊரில், இந்த உலகத்தில் அந்த ஒரு மத்தியானத்தைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அவள், அவர், இந்தப் பல். அவரை நம்ப முடியாது. அவருக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. பல்லுக்குத்தான் எல்லாம் தெரியும். அந்தப் பல்லைத்தான் இப்போது அரைக்கப் போகிறார்கள், அதுவும் அவர் சொல்லி. "ரொம்பப் பழைய விரிசல்மா இது. எங்கயாவது விழுந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டாள், ஓரத்தில் ஒட்டியிருந்த சதையைச் சுரண்டிக்கொண்டே. சும்மா பேச்சுக்குக் கேட்டது. ஆவுடையம்மாள் வாயில் பஞ்சு. மூலையிலிருந்து பதில் வந்தது, எப்போதும் வருகிற மாதிரியே. "பாத்ரூம்ல விழுந்தா டாக்டர். அது ஒரு பெரிய கதைல்லா."

ஆரம்பித்துவிட்டார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரிட்டயர்டு மின்வாரிய இன்ஜினியர், எழுபதை எட்டிய மனிதர், நாற்காலியின் நுனிக்கு வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தென்காசி குவார்ட்டர்ஸ். சிமிண்ட் தரை. துணி துவைத்த சோப்புத் தண்ணி. பச்சை பிளாஸ்டிக் வாளி. "காலு வழுக்கி நேரா வாளிக்குள்ள போயிட்டா டாக்டர், தலை உள்ள, காலு வெளிய. எம்மக சின்னப்பிள்ள, அது வந்து எட்டிப் பாத்துட்டு, அம்மா ஏம்மா வாளிக்குள்ள ஒளிஞ்சிருக்கேன்னு கேக்கு!" நர்ஸ் செல்வி குலுங்கிச் சிரித்தாள். டாக்டர்கூட முகமூடிக்குள் சிரித்தாள், கண் சுருங்கியதே. எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை காதுகுத்தில் இந்தக் கதை ஓடியிருக்கிறது. யாராவது ஒரு மைத்துனன் கேட்பான், அத்தான், அந்த வாளிக் கதையைச் சொல்லுங்களேன் என்று. மகள் பெங்களூரிலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தால் பேரனுக்கும் சொல்வாள், ஆச்சி வாளிக்குள்ளே விழுந்த கதை. பார்க்காததைப் பார்த்ததாகவே நம்புகிறாள் அவள். வாளிக்கு முதலில் நிறம் கிடையாது. பச்சை எப்போது வந்தது? மகள் எட்டிப் பார்த்ததும் முதலில் கிடையாது, அது யாருடையதோ ஒரு வளைகாப்பில் முளைத்தது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதைக்கு ஒரு கை முளைக்கும், ஒரு கால் முளைக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதுதான் கொடுமை, அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வரும், தலை உள்ளே கால் வெளியே என்கிறபோது. சிரித்து முடித்ததும் நாக்கு போய்ச் சில்லைத் தடவும்.

கதையைக் கட்டியது அவர் இல்லை, அவள்தான். அதை எப்படி மறுக்க? அன்றைக்கு அத்தை கோயிலிலிருந்து வந்து, கன்னம் என்னளா இப்படி இருக்கு என்று கேட்டபோது வாய் தானாகச் சொன்னது, பாத்ரூம்ல வழுக்கிட்டு அத்தே, வாளி விளிம்புல இடிச்சிட்டேன். அத்தை என்றால் ஊரார் சொல்கிற அத்தை இல்லை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அக்கா மகனுக்குத் தன் மகளைக் கொடுத்துவிட்டு, இனிமே எனக்கு என்ன கவலை, பிள்ளை நம்ம வீட்டுக்குள்ளேதானே போயிருக்கு என்று வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தவர் அப்பா. அவரிடம் போய் என்ன சொல்ல? உங்க அக்கா மகன் அடிச்சிட்டாக என்றா? சொன்னால் அப்பாவுக்கு அக்கா போய்விடுவாள். அக்காவுக்குத் தம்பி போய்விடுவான். தீபாவளிக்கு யார் வீட்டுக்கு யார் போவார்கள்? வேற்று வீட்டில் கொடுத்திருந்தால் கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்துவிடலாம். இங்கே எங்கே வர? புகுந்த வீடும் அதே சொந்தம், பிறந்த வீடும் அதே சொந்தம். ஆக, வாளி. அத்தை பாவம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுவிட்டாள். அவர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் விசாரித்தபோதுதான் முதன்முதலாக அவர் வாயிலிருந்து வந்தது, வாளியில இடிச்சிட்டா சார். அவள் கொடுத்த பொய்யை அவர் வாங்கி மாட்டிக்கொண்டார், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது. இப்போது அதைக் கழற்றச் சொன்னால் எனக்கு இதுதான் தோல் என்பார் போலிருக்கிறது.

கர்ர்ரென்று மிஷின் ஓடியது. ஆவுடையம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரைபடுகிறது. சுத்தம் செய்து, காற்றடித்துக் காயவைத்து, சின்ன டப்பாவுக்குள் போட்டுவிட்டார்கள். மிக்சியில் சுக்கு போட்ட மாதிரி முதலில் ஒரு முட்டல், பிறகு கரகரப்பு, பிறகு வெறும் சுழற்சி. அவ்வளவுதானா? இவ்வளவு சீக்கிரமா? அவர் எழுந்து போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன மிக்சி மாதிரில்லா இருக்கு! மோட்டார் எவ்வளவும்மா, என்ன வேகம் சுத்தும்?" செல்விக்கு எங்கே தெரியும், "தெரியல சார், சல்லடை உள்ளயே இருக்கு, தானாச் சலிச்சிரும்" என்றாள். மோட்டார் வேகம் கேட்கிறார். அதற்குள் சுற்றுவது எது என்று தெரிந்தால் இப்படிக் குனிந்து பார்ப்பாரா? தெரியாமல்தான் பார்க்கிறார். இல்லை, தெரிந்துதான் பார்க்கிறார், ஒழிந்தது சனியன் என்று. இல்லை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எந்த ஆள்? காலையில் அவளுக்கு முன்னே எழுந்து காப்பி போடுகிற ஆள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தால் வேட்டி நுனியால் துடைத்துவிடுகிற ஆள். இப்போது ஊசி போடும்போதுகூட அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. அந்தக் கை. அதே வலதுகை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கை ஓங்கியதே இல்லை, தெருநாய்மேல்கூட. அப்படியானால் ஞாபகம் இருக்கிறது, பயந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? இல்லை, வயசாகக் கோபம் வற்றிவிட்டது, அதுவும் இருக்கலாம். கடலைமிட்டாயைச் சின்னச் சின்னதாக உடைத்துத்தான் அவள் தட்டில் வைப்பார். இடதுபக்கம் இவள் கடிக்கமாட்டாள் என்று தெரிந்து வைக்கிறாரா, வயசான பல்லுக்கு வைக்கிறாரா? போன மாதம் அவர் உடைத்துத் தராத அன்றைக்குத்தான் இவள் முழுசாகக் கடித்தாள். எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒரு தடவை கேட்டுவிட வேண்டியதுதானே என்றால், எப்படிக் கேட்க? அத்தான், என்னை அடிச்சீகளே, ஞாபகம் இருக்கா? எப்பட்டீ, எப்ப அடிச்சேன் என்று கேட்டுவிட்டால்? நிஜமாகவே முழித்துப் பார்த்து, எப்பட்டீ என்று கேட்டுவிட்டால், அவள் என்ன ஆவாள்? அந்த ஒரு பயத்தில்தான் முப்பது வருஷம் வாய் திறக்கவில்லை. அடிக்குப் பயந்து இல்லை.

என்ன பெரிய காரணம்? சொன்னால் சிரிப்பார்கள். மின்வாரியத்துப் பெரிய அதிகாரி ஒருவர் வீட்டுக்கு டிபன் சாப்பிட வந்திருந்தார். புயலில் ஊரே இருண்டு கிடந்தபோது தானே கம்பத்தில் ஏறி லைனைச் சரிசெய்ததாக இவர் சொல்லிக்கொண்டிருந்தார். உளுந்தவடை கொண்டுவந்து வைத்த ஆவுடையம்மாள், கல்யாணமாகி நாலைந்து வருஷம், உலகம் தெரியாதவள், வாயில் சிரிப்போடு, "நீங்க எங்க அத்தான் ஏறுனீக? லைன்மேன் மாசானம்லா ஏறுனாரு, நீங்க கீழ குடை பிடிச்சிக்கிட்டுல்லா நின்னீக" என்றுவிட்டாள். கேலிதான். முறைமாப்பிள்ளையைச் சின்ன வயசிலிருந்து அப்படித்தானே கேலி பண்ணியிருக்கிறாள். அதிகாரி வடை புரையேறும்வரைக்கும் சிரித்தார். இவரும் சிரித்தார். அதிகாரியை ஜீப் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார், கதவைத் தாழ் போட்டார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, திரும்பினாள். அவ்வளவுதான். ஒரு வெளிச்சம். அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த சல்லடை ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது, தரை எப்படிக் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது என்று தெரியவில்லை. பிறகு அவர் தண்ணீர் சொம்போடு நிற்கிறார், சொம்பிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே சிந்துகிறது. மகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை, சினிமாவில் பிலிம் அறுந்த மாதிரி. ஒரு அடி. வாழ்நாளில் ஒரே ஒரு அடி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் தினம் வாங்குவாள், அதோடு பார்த்தால் இது ஒரு அடியா என்று தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நியாயமாகத்தான் இருக்கும் அந்தச் சமாதானம், ராத்திரி படுத்ததும் நாக்கு போய்த் தடவுகிறவரைக்கும். அதற்கப்புறம் அவள் யாரையும் சபையில் கேலி செய்ததில்லை. அவர் என்ன சொன்னாலும் ஆமாம் அத்தான். கம்பத்தில் தானே ஏறியதாகத்தான் இன்றைக்குவரை அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், இவள் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு வாயாடியாக இருந்தாள்! அந்த வாயாடி எங்கே போனாள்? நினைத்தால் அழுகை வருகிறது, செத்துப்போன தங்கச்சிக்கு அழுகிற மாதிரி.

மிஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது? டாக்டர் தூளைக் கிண்ணத்தில் கொட்டி ஏதோ மருந்தை ஊற்றினாள். கிருமி சாகணும், கொழுப்பு போகணும், கொஞ்ச நேரம் ஊறட்டும், அப்புறம் ரெண்டு தடவை அலசிட்டு வச்சிரலாம் என்று பொதுவாகச் சொன்னாள். ஊறட்டும். கொழுப்பு போகும், கிருமி போகும், அந்த மத்தியானம் போகுமா? எந்தப் பொடி விரிசலின் ஓரத்துப் பொடி, எந்தப் பொடி நல்ல பல்லின் பொடி என்று யார் பிரிக்க முடியும்? எல்லாம் ஒன்றாகக் கலந்து ஊறுகிறது. உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள், நாலைந்து மாசத்தில் எலும்பாகிவிடும், படம் எடுத்துப் பார்த்தால்கூடத் தனியாகத் தெரியாதாம். டாக்டர் அதை நல்ல சேதியாகத்தான் சொன்னாள். தெரியாதாம். அதற்கப்புறம் நாக்கு எதைத் தடவும்? வழவழவென்று ஒரு புதுப் பல் இருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது, பச்சை வாளிக் கதையைத்தான் அதுவும் நம்பும். பிறகு அவள் ஒருத்தி. அவளும் போய்விட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கப் போவார்கள், ஆண்கள்தான் போவார்கள், தலை எலும்பு இது, தாடை இது என்று வெட்டியான் எடுத்துக் கொடுப்பான், பாலால் அலசிக் கலயத்தில் போட்டுத் தாமிரபரணியில் விடுவார்கள். அவர் இருந்தால் அவர் கையாலேயே வாங்குவார். தாடையைக் கையில் வாங்கும்போதாவது அவருக்கு ஞாபகம் வருமா? வந்து என்ன, நான் பார்க்கவா போகிறேன்? அட, இதென்ன நினைப்பு, பல் பிடுங்க வந்த இடத்தில். ஆனால் வேண்டாம் என்று சொல்லலாமே. இன்னும் வைக்கவில்லையே. கையை உயர்த்தி வேண்டாம் என்றால், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். எலும்பு கரையும், கன்னம் ஒட்டிப்போகும், அந்தப் பக்கம் கிழவியாகும். ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்பார்களே. என்ன சொல்ல? வேறு வாளியா தேட?

"அலசியாச்சு. பாருங்கம்மா உங்க பல்லை" என்று டாக்டர் கிண்ணத்தை முகத்துக்கு நேரே காட்டினாள். ஈர ரவை மாதிரி இருந்தது, லேசான மஞ்சள். பார்த்ததும் பாவமாக இருந்தது. கோடும் இல்லை, சில்லும் இல்லை, காலும் இல்லை. "வச்சிரலாமா?" என்று கேட்டாள் டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "வைங்க டாக்டர், அவகிட்ட என்ன கேக்கிறது" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

ஆவுடையம்மாள் கையைத் தூக்கினாள். விரலை விட்டுப் பஞ்சை எடுத்தாள், ரத்தமும் எச்சிலும் நூலாக வந்தது, செல்வி ஓடிவந்து டிஷ்யூவைப் பிடித்தாள். உதடு சொன்னபடி கேட்கவில்லை, பாதி வாய்தான் அவளுடையதாக இருந்தது. "நான் விழல" என்றாள். "என்னம்மா?" என்று டாக்டர் குனிந்தாள். "பாத்ரூம்லயும் விழல, வாளியிலயும் விழல. இவுக அடிச்சாக. ஒரு அடி. அதுல விரிஞ்ச பல்லு அது."

சொல்லிவிட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, செல்வி போய் மூடினாள். இப்போது சொல்வார், ஊசி மருந்து தலைக்கேறி உளறுறா டாக்டர் என்பார். இல்லையென்றால் முழிப்பார். எப்பட்டீ என்பார். அந்த முழியைப் பார்க்கக்கூடாது என்று மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கு கண்ணில் நீராகப் பரவியது.

"ரெண்டு" என்றார் அவர்.

யாருக்கும் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. "ஒரு அடி இல்ல ஆவுடை, ரெண்டு. மொத அடியிலயே நீ விழுந்துட்ட, கண்ணு சொருகிட்டு. கீழ கெடக்கும்போது... காலால. தாடையில. அது உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியாதுதான். அறுந்த பிலிமின் நடுவில் அது இருந்திருக்கிறது. மறந்துவிட்டாரோ என்று எத்தனை ராத்திரி பயந்தாள், எத்தனை விதமாக யோசித்தாள், ஒரு தடவைகூட இப்படித் தோன்றியதில்லையே, தன்னைவிட அவருக்கு அதிகமாக ஞாபகம் இருக்கும் என்று. எல்லாக் கல்யாண வீட்டிலும் தெரிந்துதான் நின்றிருக்கிறார். தலை உள்ளே கால் வெளியே என்று கையை ஆட்டும்போதும் தெரிந்துதான் ஆட்டியிருக்கிறார். அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு, இவளுக்கு ஒன்றுதான் தெரியும் என்று தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார். ஆத்திரம் வந்தது அவளுக்கு. இவ்வளவு ஆத்திரம் தனக்குள் இருந்ததா என்று அவளே மிரளும்படி, மரத்த கன்னத்தைத் தவிர உடம்பு முழுக்கக் கொதித்தது. "ஏட்டி, நான்..." என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"வெளிய போய் உக்காருங்க அத்தான்" என்றாள்.

இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் அவள் சொன்னதே இல்லை. அவர் நின்றார், டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கதவுவரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தவரை அவள் குரல் நிறுத்தியது.

"அத்தான்."

திரும்பினார்.

"இனிமே அந்தக் கதைய எங்க சொன்னாலும் ரெண்டுன்னு சொல்லணும்."

அவர் தலை மெல்ல ஆடியது. கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, இது வேண்டாம்னா விட்டுரலாம். வேற வழி பாக்கலாம். உங்க இஷ்டம்தான்" என்றாள். ஆவுடையம்மாள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அடித்தது அவர். பல் அவளுடையது.

"வைங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே வாயை நன்றாகத் திறந்தாள்.